உங்கப்பா வரைஞ்ச படம்

இருங்கம்மா, இருங்க. லாரிக்காரர ஏன் அதுக்குள்ள பின்பக்கத்தத் தெறக்கச் சொல்றீங்க. அவரு போய் ஒரு டீ குடிச்சுட்டு வரட்டும். நீங்க இந்த ஸ்டூல்ல உக்காருங்க. கொஞ்சம் ஆடும், செவத்துப் பக்கமா சாஞ்சுக்குங்க. ஊருக்கெல்லாம் வெல்டிங் வைக்கிறவன் பட்டறையில ஸ்டூல் ஆடுதேன்னு என் வீட்டுக்காரி தெனம் திட்டுறா. எங்க நேரம்.

ஞாயித்துக்கிழமை திறப்பு விழா, எனக்குத் தெரியாதா. தலைவர் நினைவு இல்லம்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்காங்க, என் பட்டறைக் கதவுலயே ரெண்டு இருக்கு. மிஷின் முடிஞ்சாச்சு. முடிஞ்சு அஞ்சு நாள் ஆச்சு. தர மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன். இன்னிக்குத் தர முடியாதுன்னுதானே போன்ல சொன்னேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கில்ல.

கோவப்படாதீங்க. உங்களுக்கு எவ்வளவு வேலைன்னு எனக்குத் தெரியும். காலேஜுக்கு லீவு போட்டுட்டு வந்து, அப்பா பேர்ல நாலு ரூமையும் நீங்களே நின்னு பாத்துப் பாத்துச் செய்றீங்க. மொதல்ல அந்தப் பலகையக் கொஞ்சம் காட்டுங்க. பித்தளையா. நல்ல கனம். இருங்க, கண்ணாடியப் போட்டுக்கிறேன். தலைவர் தமது ஓய்வு நேரத்தில் வடிவமைத்த களையெடுக்கும் கருவி. நடைமுறையில் பயன்படவில்லை.

பயன்படவில்லை. ம். யாரு எழுதுனது, நீங்களா.

தப்புன்னு நான் சொல்லல. ஊர் ஒலகத்துக்கே தெரிஞ்ச விஷயம்தானே. ஒரு ரூம்ல ஜெயில்ல இருந்தப்ப எழுதின கடிதம், ஒரு ரூம்ல மேடைப் பேச்சு, ஒரு ரூம்ல வந்த பரிசெல்லாம். கடைசி ரூம்ல இது. நியாயமாப் பாத்தா இத நீங்க வைக்கவே வேண்டாம். வைக்கணும்னு தோணுச்சே, அதுவே பெரிசு. கட்சிக்காரங்க வேண்டாம்னு சொல்லியிருப்பாங்களே. சொன்னாங்களா. சொல்லாம இருப்பாங்களா.

உங்கப்பாவப் பத்தி உங்களுக்கே நான் சொல்லணுமா. ஆனா ஒண்ணு, மேடையில பாத்த தலைவர் வேற, இந்தப் பட்டறையில நான் பாத்த ஆளு வேற. மேடையில மூணு மணி நேரம் பேசுவாரு, ஒருத்தன் எந்திரிக்க மாட்டான். இங்க வந்தா அதே மூணு மணி நேரம் ஒரே ஒரு நட்டப் பத்திப் பேசுவாரு, நான் எந்திரிக்க முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம். நான் பட்ட பாட்ட எழுதினா உங்க நாலு ரூம் பத்தாது.

மொதல் தடவ அவரு வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை. மூணு காரு. அப்ப அவரு மந்திரி. தெருவே அடைச்சுப் போச்சு. பட்டறைய இடிக்கத்தான் வந்துட்டாங்கன்னு நெனச்சு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இறங்கினவரு பையில இருந்து ஒரு கல்யாணப் பத்திரிகைய எடுத்து நீட்டுனாரு. சரி, வீட்ல விசேஷம், ஏழை எளியவங்களையும் நேர்ல போய் அழைக்கிறாரு போலன்னு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன். பின்னாடி திருப்புப்பான்னாரு. பின்னாடி பென்சில்ல ஒரு படம். யாரோ வீட்டுக் கல்யாணத்துல முன்வரிசையில உக்காந்துக்கிட்டு வரைஞ்சிருக்காரு.

ஆமாமா, சட்டசபையிலயும் அதே கதைதான். எதிர்க்கட்சிக்காரங்க பேசப் பேச இவரு குனிஞ்சு எழுதிக்கிட்டே இருப்பாராம். நம்ம பேச்சுக்குத்தான் குறிப்பெடுக்கிறாருன்னு அவங்க அடக்கி வாசிப்பாங்களாம். பாத்தா பம்பு படம்.

அந்த மொதல் படம் என்னன்னு கேளுங்க. பிள்ளைங்க ஏறி ஆடற பலகை இருக்கில்ல, ஒரு பக்கம் ஏறினா மறுபக்கம் இறங்குமே, அதுக்கு அடியில ஒரு பம்ப வச்சுடணும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க விளையாட விளையாடத் தோட்டத்துக்குத் தண்ணி ஏறிடும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா படத்துல ஒரு நட்டு வச்சிருந்தாரு பாருங்க, அதத் திருக எலிக்குத்தான் ஸ்பேனர் குடுத்து அனுப்பணும். அது இங்க வராதுங்கய்யான்னேன். அதான் நான் செஞ்ச மொதல் தப்பு. உக்காந்துட்டாரு. ஏன் வராது, எதுக்கு வராது, அப்ப எங்க வரும், அங்க வந்தா இது என்னாகும். ரெண்டு மணி நேரம். வெளியில மூணு கார் நிக்குது, நூறு பேரு நிக்கிறான், பக்கத்துக் கடைக்காரன் வியாபாரம் போச்சுன்னு என்னய முறைக்கிறான்.

அதுல இருந்து நான் ஒரு வழக்கம் வச்சுக்கிட்டேன். படத்துல தப்பிருந்தா கேக்குறதே இல்ல. கம்முனு வாங்கி வச்சுக்கிட்டு நானே திருத்திப் போட்டுடுவேன். கேட்டா ரெண்டு மணி நேரம், திருத்தினா ரெண்டு நிமிஷம். என்கிட்ட வேலை பாத்தவங்களுக்கும் அதையேதான் சொல்லி வச்சிருந்தேன். தலைவர் படமா, கேள்வி கேக்காத, திருத்திப் போடு. அவருக்கும் தெரியாது. செஞ்சத வந்து பாத்துட்டு, பாத்தியா நான் வரைஞ்ச மாதிரியே வந்திருக்குன்னு சந்தோஷப்படுவாரு. நானும் தலையாட்டிடுவேன்.

அந்தப் பலகைப் பம்பு ஓடுச்சா இல்லையான்னு கேக்குறீங்களா. ஓடுச்சு, ஒரு பத்து நிமிஷம். திறப்பு விழாவுல இந்தப் பக்கம் உங்கப்பா உக்காந்தாரு, அந்தப் பக்கம் குடைக்காரரு. அதான், எப்பவும் குடை பிடிச்சுக்கிட்டே பின்னாடி வருவாரே, உதவியாளர், அவருதான். ரெண்டு பேரும் ஏறி இறங்க, குழாய் பிச்சுக்கிட்டு சேத்துத் தண்ணி மொத்தமும் உங்கப்பாவோட வெள்ளைச் சட்டை மேல. அரை மணி நேரத்துல பொதுக்கூட்டம். உங்கப்பா சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாரு. குடைக்காரருதான் என்னயத் தனியாக் கூட்டிட்டுப் போயி, இனிமே தலைவர் சட்டையில ஒரு சொட்டுப் பட்டுச்சு, உன் பட்டறையில பூட்டு தொங்கும்னு மெரட்டினாரு. பயந்துட்டேன்மா. அப்ப எனக்குப் புதுசாக் கல்யாணம் ஆன நேரம். அதுக்கப்புறம் உங்கப்பாவுக்கு எதச் செஞ்சாலும் மேல ஒரு தகர மூடி போட்டு, நாலு பக்கமும் வெல்டிங் வச்சுத்தான் குடுப்பேன்.

லாரிக்காரரு ஹாரன் அடிக்கிறாரு பாருங்க. டீ கூடக் குடிக்க விடாம நாம என்ன கட்டியா வச்சிருக்கோம். கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லுங்க.

சுருக்கமாத்தான் சொல்றேன். இந்தக் களை மிஷின் விஷயத்துக்கே வந்துடறேன். அது எப்படி ஆரம்பிச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா. தெரியாதில்ல. அவரு வீட்ல சொல்லியிருக்க மாட்டாரு.

ஒருநாள் இந்த வழியா வரப்ப அவரு காரு பஞ்சர். டயரக் கழட்டி இங்கதான் கொண்டு வந்தாங்க. அவரு ரோட்டோரமா நின்னுக்கிட்டு வயலப் பாத்துக்கிட்டிருக்காரு. பொம்பளைங்க எட்டுப் பேரு களை எடுத்துக்கிட்டிருந்தாங்க. பஞ்சர் ஒட்டி முடிக்கிற வரைக்கும், முக்கா மணி நேரம், ஒருத்தரும் நிமிரல. இவரு வரப்புக்குப் போயி, ஏம்மா, நடுநடுவுல கொஞ்சம் நிமிந்து நின்னா என்னன்னு கேட்டிருக்காரு. அதுல ஒருத்தி, நின்னா கூலி யாரு குடுப்பா, நீங்க வேணா ஒரு மணி நேரம் குனிஞ்சு பாருங்கன்னு சொல்லிட்டா. மந்திரின்னு கூடப் பாக்கல.

அது வேற யாருமில்ல, என் வீட்டுக்காரிதான். அவ வாய் அப்படி.

உங்கப்பா என்ன செஞ்சாருங்கிறீங்க, செருப்பக் கழட்டி வச்சுட்டு, வேட்டிய முழங்கால் வரைக்கும் சுருட்டி விட்டுக்கிட்டு, சேத்துல இறங்கிட்டாரு. குடைக்காரரு வரப்புல நின்னுக்கிட்டு தவியாத் தவிக்கிறாரு. கால் மணி நேரம் களை எடுத்திருக்காரு. அப்புறம் நிமிர முடியல. ரெண்டு பேரு பிடிச்சுத் தூக்கித்தான் கார்ல உக்கார வச்சாங்க. மறுவாரமே இன்னொரு கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னாடி வரைஞ்ச படத்தோட வந்துட்டாரு.

நீங்க எடுத்துட்டு வந்தீங்களே, அதே படம்தான். நாத்து வரிசைக்கு நடுவுல நின்ன வாக்குல தள்ளிக்கிட்டுப் போறது. முன்னாடி ஒரு தட்டைப் பலகை, சேத்துல பொதையாம வழுக்கிக்கிட்டுப் போக. அதுக்குப் பின்னாடி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ரெண்டு இரும்பு உருளை, மேல பல்லுப் பல்லா தகடு. உருண்டுக்கிட்டே போயி களைய அமுக்கிச் சேத்துக்குள்ளயே பொதைச்சிடும். நீளமா ஒரு கைப்பிடி. குனியவே வேணாம். அப்ப அவரு முகத்தப் பாக்கணுமே நீங்க. ஜெயிச்ச அன்னிக்குக் கூட அப்படிச் சிரிச்சிருக்க மாட்டாரு. இது மட்டும் ஓடிருச்சுன்னு வை, இந்த நாட்டுல ஒரு பொம்பளையும் வயல்ல குனிய வேணாம்ப்பான்னாரு.

நானும் வழக்கம் போலப் படத்துல தப்பா இருந்ததத் திருத்தி, தகர மூடி போட்டு, நாலு பக்கமும் வெல்டிங் வச்சு, பச்சை பெயிண்ட் அடிச்சுக் குடுத்தேன்.

வயல்ல இறக்குனா இடது பக்கமா இழுக்குது.

நேராத் தள்ளுனா பத்தடி போகுது, அப்புறம் இடது பக்கமாத் திரும்பி நாத்து மேல ஏறுது. வலுவாப் பிடிச்சா கை வலிக்குது. விட்டா வட்டமடிக்குது. சரி, கைப்பிடிதான் கோணலோன்னு மாத்தினோம். ஏழு தடவ மாத்தினோம்மா, ஏழு தடவ. வலது பக்கம் கல்லக் கட்டினோம். தட்டைப் பலகைய அகலமாக்கினோம். மண்ணு சரியில்லன்னு வேற வயலுக்குக் கொண்டு போனோம். ஆளு சரியில்லன்னு இடது கைக்காரன் ஒருத்தனத் தேடிப் பிடிச்சுத் தள்ளச் சொன்னோம். எதுக்கும் மசியல. ரெண்டு வருஷம் இதே பொழப்பு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காரு வந்து நின்னாலே எனக்கு எரிச்சல் பத்திக்கிட்டு வரும். என் பொழப்பப் பாக்க விடறாரா. ஊர்ல கதவு செய்யக் குடுத்தவன், கம்பி வேலி குடுத்தவன் எல்லாம் என்னயத் திட்டுறான்.

வீட்ல இவ வேற. உங்க தலைவர் மிஷின் என்னாச்சு, எங்க முதுகு எப்ப நிமிரும்னு சோறு போடறப்ப எல்லாம் ஒரு குத்து.

அப்புறம்தான் அந்த விவசாயக் கண்காட்சி வந்துச்சு. வேணாங்கய்யா, இன்னும் சரியாகலன்னு நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். காதுலயே போட்டுக்கல. மூவாயிரம் பேருக்கு முன்னாடி அவரே தள்ளிக் காட்டப் போறேன்னு இறங்கிட்டாரு. தள்ளுனாரு. மனுஷன் பலங்கொண்ட மட்டும் பிடிச்சுப் பாத்தாரு. அது இழுத்துக்கிட்டுப் போயி நாத்தயெல்லாம் நசுக்கி, அவரையும் சேத்து வாய்க்கால்ல தள்ளிருச்சு. படம் எடுத்தவன் எடுத்துட்டான். மறுநாள் பேப்பர்ல மொதப் பக்கம், தலைவர் மண்ணக் கவ்வினார்னு.

அந்தப் படம் உங்ககிட்ட இருக்கா. கிழிச்சுட்டீங்களா. நல்லது.

சபையில அவரு பேச எந்திரிச்சாலே எதிர்க்கட்சிக்காரங்க மொத்தப் பேரும் இடது பக்கமாச் சாஞ்சு உக்காருவாங்களாம். உங்களுக்கும் தெரியுமா. பள்ளிக்கூடத்துலயுமா. உங்க வகுப்புல எல்லாரும் சாஞ்சாங்களா. எத்தன நாளு. ஒரு வருஷமா. எனக்கு இது தெரியாதும்மா. அப்ப உங்களுக்கு ஒரு பன்னெண்டு வயசிருக்குமா. அவருகிட்டச் சொல்லி அழுதீங்களா. சொல்லலையா. அவரோட பேசவே இல்லையா. ம்.

இல்லம்மா, கண்ணுல தூசி. பட்டறையில இது சகஜம்.

கண்காட்சிக்கு முன்னாடி ஒரு நாள் அவரு என்னய ஒண்ணு கேட்டாரு. இதோ, இந்தத் தூண்கிட்ட நின்னுக்கிட்டுதான். ஏம்ப்பா, உருளை ரெண்டையும் நான் போட்டிருக்கிற மாதிரிதானே மாட்டியிருக்கன்னாரு. ஆமாங்கய்யான்னேன். மூடிய வேணாப் பிரிச்சுப் பாத்துடலாமான்னாரு. எதுக்குங்கய்யா, பிரிச்சா மறுபடி வெல்டிங் வைக்க அரை நாள் ஆகும், என்மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டேன். சேச்சே, உன்ன நம்பாம யார நம்பன்னுட்டாரு. அதுக்கப்புறம் கேக்கல.

கடைசியா வந்தப்ப தனியா வந்தாரு. ஒரே காரு, குடைக்காரரும் இல்ல. விட்ருப்பா, நமக்குப் பேசத்தான் வரும் போலன்னு படத்தத் திருப்பி வாங்கிப் பையில வச்சுக்கிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. இனிமே ஞாயித்துக்கிழமை என் ஞாயித்துக்கிழமை. அப்புறம் அவரு இந்தத் தெருப் பக்கமே வரல. பத்திரிகைக்குப் பின்னாடி எதாவது வரைஞ்சாரான்னும் தெரியாது. வரையலையா. ஒண்ணு கூடவா. அவரு பீரோவுல அந்தக் களை மிஷின் படத்துக்கு அப்புறம் எதுவுமே இல்லையா.

அந்த மிஷின் ரொம்ப நாள் மூலையில கெடந்துச்சு. கூரை மாத்துறப்ப இடைஞ்சலா இருக்குன்னு பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன். மூடியத் தெறந்து கூடப் பாக்கல.

நீங்க ரெண்டு மாசம் முன்னாடி வந்தீங்க. படத்த நீட்டி, இதுல இருக்கிற மாதிரியே செய்யுங்க, ஒரு ஆணி கூட மாத்தக் கூடாதுன்னீங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நாப்பது வருஷமா இரும்போட மல்லுக்கட்டுறவன்கிட்ட வந்து ஆணி மாத்தாதன்னு சொன்னா. சரி, உங்கப்பா போட்ட தப்பயும் சேத்தே செஞ்சு தரேன், வச்சுப் பூசை பண்ணிக்குங்கன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன். வீம்புக்குத்தான் செஞ்சேன். கோவிச்சுக்காதீங்க.

என்ன தப்பா. சொல்றேன். அந்த உருளை இருக்கில்ல, அது நேரான உருளை இல்ல. ஒரு பக்கம் வாய் பெருசு, மறுபக்கம் சிறுசு, வாளியப் படுக்கப் போட்ட மாதிரி. படத்துல முன்னாடி உருளைக்குப் பெரிய வாய் வலது பக்கம், பின்னாடி உருளைக்குப் பெரிய வாய் இடது பக்கம். மாறி மாறி. நான் அன்னிக்குப் பாத்தேன், ஒரே மாதிரி ரெண்டு சாமான எவனாவது எதிரும் புதிருமா மாட்டுவானா, கல்யாண வீட்டுச் சத்தத்துல கவனமில்லாம திருப்பி வரைஞ்சுட்டாருன்னு நெனச்சு, ரெண்டையும் ஒரே பக்கமா மாட்டிட்டேன். ரெண்டு நிமிஷ வேல. கேட்டிருந்தா ரெண்டு மணி நேரம்.

இந்தத் தடவ அவரு போட்ட மாதிரியே எதிரும் புதிருமா மாட்டினேன். படத்துல மூடி இல்ல, அதனால மூடியும் போடல. நீங்க வேற புதுசாத் தெரியக் கூடாது, வேல செஞ்ச மாதிரி பழசாத் தெரியணும்னு சொல்லிட்டீங்க. சரி, கொஞ்சம் சேத்துல பொரட்டி எடுத்தா பழசாயிடும்னு அஞ்சு நாள் முன்னாடி வயலுக்குத் தூக்கிட்டுப் போனேன். எனக்கு முட்டி வலி, சேத்துல இறங்க முடியாது. வீட்டுக்காரிகிட்டக் குடுத்து, நாலடி தள்ளு போதும், இடது பக்கம் இழுக்கும், நாத்த நசுக்கிடாதன்னு சொல்லிட்டு வரப்புல நின்னேன்.

எங்கம்மா போறீங்க. தார்ப்பாயத் தூக்காதீங்க. தூக்கிட்டீங்களா. ஆமா, அது கம்ப்ரஸர்தான். மிஷின் இல்ல.

உக்காருங்க, சொல்லிடறேன். வேற எங்கயும் போகல, யாருக்கும் விக்கல.

நாலடி தள்ளுனா. நாப்பதடி போயிட்டா. நான் கத்துறேன், போதும்டி, திரும்புன்னு. அவ பாட்டுக்குப் போயி அந்தக் கடைசி வரப்புல திரும்பி அடுத்த வரிசையில வரா. கோடு போட்ட மாதிரி நேரா. ஒரு நாத்து கூடச் சாயல. ரெண்டாவது வரிசை, மூணாவது வரிசை. குனியாம, நின்ன வாக்குல. எனக்கு ஒண்ணுமே புரியல. வீட்டுக்கு வந்து ஒரு டம்ளரப் படுக்கப் போட்டு உருட்டிப் பாத்தேன். வாய் பெருசா இருக்கிற பக்கம் அதிக தூரம் ஓடுது, அதனால வட்டமடிக்குது. ரெண்டு டம்ளர எதிரும் புதிருமா வச்சுப் பிணைச்சு உருட்டுனா, இது அந்தப் பக்கம் இழுக்க, அது இந்தப் பக்கம் இழுக்க, நேராப் போகுது. அது தெரிஞ்சுதான்மா அவரு மாத்தி வரைஞ்சிருக்காரு. படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாரா, கல்யாண வீட்ல டம்ளர உருட்டித் தெரிஞ்சுக்கிட்டாரா, எனக்குத் தெரியாது. அத நான் கேக்கவே இல்லையே.

உங்கப்பா தோக்கல. நான்தான் தப்பா மாட்டினேன். அவரு இருந்தப்ப இதச் சொல்லியிருந்தா அவரு சிரிச்சிருப்பாரு, எனக்குத் தெரியும். இப்ப உங்ககிட்டச் சொல்றதுக்கு அஞ்சு நாளா நாக்கு எழும்பல. அதான் போன்ல இன்னிக்கு முடியாது, நாளைக்கு முடியாதுன்னு இழுத்துக்கிட்டு இருந்தேன்.

என் வீட்டுக்காரி வரப்பேறி வந்து கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டே நின்னா. அவளுக்கு இப்ப அம்பத்தாறு வயசு. அன்னிக்கு உங்கப்பாகிட்ட வாயாடினப்ப முப்பது. இப்ப படுத்தாலும் முதுகு நேராகாது அவளுக்கு. இது அந்த மிஷின்தானேன்னா. ஆமான்னேன். அப்பவே ஓடியிருக்குமான்னு கேட்டா. ஓடியிருக்கும்னு சொன்னேன். ஒரு வார்த்த திட்டல. தெனம் ஸ்டூலுக்குத் திட்டுறவ. அஞ்சு நாளா என்னோட பேசல.

அழாதீங்கம்மா. நீங்க அழுதா நான் என்ன செய்வேன். பலகைய மாத்தி எழுதணும்னா என் பேரப் போட்டு எழுதுங்க. இந்த மாதிரி, இன்ன பட்டறைக்காரன் செஞ்ச தப்புனால இருபத்தாறு வருஷம் ஓடலன்னு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

மிஷினா. அது வயல்லதான்மா இருக்கு. மறுநாள் காலையிலயே அவ வந்து தூக்கிட்டுப் போயிட்டா. அவளோட சேந்து களைக்குப் போற பொம்பளைங்க ஆறு பேரு, ஆளுக்கு நாலு வரிசைன்னு முறை வச்சுத் தள்ளிக்கிட்டிருக்காங்க. நேத்து நான் போயி, தலைவர் பொண்ணு கேக்குது, நினைவு இல்லத்துக்குன்னு சொன்னேன். வேல முடியட்டும்னு விரட்டி விட்டுட்டாங்க. நான் கேட்டாத் தர மாட்டாங்க. நீங்க கேட்டா ஒருவேள தருவாங்க, தெரியல.

வாங்க, போயிப் பாப்போம். பக்கம்தான். செருப்ப இங்கயே விட்டுட்டு வாங்க, அங்க சேறு முழங்கால் வரைக்கும் இருக்கு.